ஏழு காலுள்ள எட்டுக்கால் பூச்சி

தரையில் வாழும் ஒரு சிலந்திக்கு வீடு அமைத்துக் கொடுப்பது பெரிய வேலையே இல்லை. அடியில் ஆழமாக மண், ஓரத்தில் ஒரு மறைவு, ஒரு மூடியில் தண்ணீர், மேலே இறுக்கமாக ஒரு பலகை. சொல்லி முடிக்க ஒரு மூச்சு போதும். ஆரணியில், எங்கள் வீட்டில், இதைச் செய்து முடிக்க ஒரு மழைக்காலம் முழுக்கப் போய், பனியும் இறங்கிவிட்டது. காரணம் வேறொன்றுமில்லை. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் நெய்யத் தெரியும்.

போன மாதம் என் தோழியின் மகன் கைபேசியில் ஒரு படம் அனுப்பியிருந்தான். கண்ணாடிப் பெட்டி, தேங்காய் நார்த்தூள், ஒரு மரப்பட்டை, அதன் அடியில் உள்ளங்கை அகலத்தில் ஒரு வளர்ப்புச் சிலந்தி. “உயரம் வெக்கக் கூடாது ஆன்ட்டி, விழுந்தா வயிறு கிழிஞ்சிடும். வலை மூடியும் கூடாது, நகம் மாட்டிக்கும்” என்று எனக்கே பாடம் எடுத்தான். எல்லாம் சரி. ஒரு தப்பு இல்லை. எனக்கு என்னவோ எரிச்சலாக வந்தது. இத்தனை சுலபமாக ஒருத்தன் சரியாகச் செய்துவிடுவானா? அப்படியானால் நாங்கள் பட்டதெல்லாம் என்ன?

நான் அப்போது மூன்றாம் வகுப்பு. எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டு குழித்தறிகள் இருந்தன. தரையில் தோண்டிய குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார வேண்டும். கீழே மிதிகளைக் கால் மாற்றி மாற்றி மிதிக்க, மேலே நெடுக்கு நூலான பாவு திறக்கும், அதற்குள் கை குறுக்கு நூல் வைத்த நாடாவை ஓட்டும். கூடத்தில் நடமாடுகிறவர்களுக்கு நெய்கிறவரின் இடுப்புக்கு மேலேதான் தெரியும். சின்ன வயதில் நான் அப்பாவைப் பெரும்பாலும் பாதி மனிதராகத்தான் பார்த்திருக்கிறேன். மீதிப்பாதி மண்ணுக்குள் வேலை செய்துகொண்டிருக்கும்.

ஒரு தறி அப்பாவுடையது. இன்னொன்று மாமாவுடையது. மாமா என்றால் அம்மாவின் தம்பி. களம்பூரிலிருந்து சைக்கிளில் திரும்பும்போது ஒரு நெல் லாரி அவர்மீது ஏறிவிட்டது. வேலூரில் நெடுநாள் கிடந்து, வலது காலை முழங்காலோடு அங்கேயே விட்டுவிட்டு வந்தார். வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அவருடைய தறிக்கு எதிரே ஒரு கட்டிலைப் போட்டார்கள். அக்குளில் வைத்துக்கொள்ள ஒரு கட்டை வாங்கிச் சுவரில் சாய்த்தார்கள். தறியில் இருந்த பாவை அப்பா நெய்து முடித்தார். அதற்குப் பிறகு அதில் பாவு ஏறவில்லை. வெறும் மரச்சட்டமும் அதன் அடியில் ஒரு குழியும்.

கட்டிலில் உட்கார்ந்த மாமாவுக்கு வேலை போயிற்றே தவிர, அபிப்பிராயம் ஒன்றும் போகவில்லை. குழம்பில் புளி தூக்கல் என்பார். என் பின்னலில் ஒரு பக்கம் தளர்வு என்பார். அப்பா நெய்துகொண்டிருக்கும்போது கண்ணை மூடிக்கொண்டே, “மாமா, ஒரு எழை அறுந்துகீது, சத்தம் மாறுது பாருங்க” என்பார். அப்பாவை அவர் மாமா என்று கூப்பிடுவார், அவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். அப்பா நாடாவை நிறுத்திப் பார்ப்பார். அறுந்திருக்கும். அதுதான் அப்பாவுக்குத் தாங்காது.

ஒருநாள் நூல் சுற்றிய தார்க்குச்சி ஒன்று உருண்டு அந்தக் காலிக் குழிக்குள் விழுந்தது. எடுத்து வர என்னை இறக்கினார்கள். குழிக்குள் ஈரமும் இருட்டும். மிதிகளின்மேல் தூசி. பக்கத்து மண்சுவரில், என் கைவிரல் மூன்றை நுழைக்கலாம் போல ஒரு பொந்து. பொந்தின் வாயைச் சுற்றி வெள்ளையாக ஒரு துணி, ரவிக்கைக் கையின் ஓரத்தை உள்ளே மடித்துத் தைத்தது போல, அத்தனை சீராக. யார் இங்கே வந்து தைத்தார்கள் என்று குனிந்தேன். உள்ளிருந்து இரண்டு கால்கள் வெளியே வந்தன. மயிர் முளைத்த, பழுப்பு வெல்வெட்டுக் கால்கள். நான் கத்தவில்லை என்றுதான் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன். அம்மா வேறு மாதிரிச் சொல்வாள்.

அப்பா செருப்போடு வந்தார். அப்போது கட்டிலிலிருந்து ஒரு குரல்.

“அடிக்காதீங்க. அது என் குழி.”

எல்லோரும் திரும்பினோம். மாமா பாதி எழுந்து, கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“என் குழியில இருக்குது. அப்போ அது என் ஆளு. செருப்பைக் கீழ போடுங்க மாமா.”

அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். “கட்டில்ல ஒண்ணு, குழியில ஒண்ணு. ரெண்டு பேருக்கும் நானே ஆக்கிப் போடறேன். ராத்திரியில குழந்தை மேல ஏறிச்சுன்னா? ஒண்ணு அடிங்க, இல்ல எதுலயாவது போட்டு மூடுங்க.”

இப்படித்தான் அது எங்கள் வீட்டு வளர்ப்புப் பிராணி ஆயிற்று. அன்பினால் அல்ல, சமரசத்தினால்.

பக்கத்து வீட்டில் ஒழுகிப்போன ஒரு மீன்தொட்டி மொட்டைமாடியில் கிடந்தது. கேட்டு வாங்கி வந்தேன். எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து, அடியில் காலண்டர் அட்டையைச் சொருகி, அப்பா சிலந்தியைப் பிடித்தார். அடுத்தது வீடு. அங்கே ஆரம்பித்தது பேஜார்.

அம்மா தொட்டியைப் பினாயில் போட்டுத் தேய்த்தாள். அந்த வாடை போகட்டும் என்று மாமா போட்ட சண்டையில், அதை ஒரு பகல் வெயிலில் வைத்தோம். பிறகு அவள் அடியில் செய்தித்தாளை மடித்து விரித்தாள். “சுத்தமா இருக்கட்டும். தினம் மாத்திடலாம்.” நான் மண் போடலாமே என்றேன். “வீட்டுக்குள்ள மண்ணா? பெருக்கறது யாரு, நீயா?”

அப்பா போய் அலமாரியிலிருந்து இரண்டு அந்துருண்டை எடுத்து வந்து தொட்டியின் மூலைக்கு ஒன்றாக வைத்தார். பட்டு இருக்கிற வீடு. எங்கே எதை மூடி வைத்தாலும் ஓர் அந்துருண்டை போடுவது எங்கள் கைப்பழக்கம். அவர் அதை யோசித்துச் செய்யவில்லை, சாமி படத்துக்குப் பூ வைப்பது போலச் செய்தார்.

“இன்னாத்துக்கு மாமா அது?” என்றார் கட்டில்.

“பூச்சி கீச்சி வராம இருக்கத்தான்.”

“உள்ள வெச்சிருக்கறது இன்னா, பசுமாடா?”

அப்பா கொஞ்ச நேரம் தொட்டியைப் பார்த்தார். “ஆமால்ல” என்று அந்துருண்டையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். ஒரு வேலையாவது உருப்படியாக நடந்ததே என்று நான் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டபோது மாமா சொன்னார்:

“தொட்டியை என் பக்கத்துல கொண்டாங்க. பாவு கட்டணும்.”

அவருடைய நியாயம் இதுதான். எட்டுக்கால் பூச்சி நூல்காரன். நூல்காரனைக் காகிதத்தின்மேல் உட்கார வைத்தால் அவன் என்ன செய்வான்? நெடுக்கு நூலை நாம் கட்டிக் கொடுத்தால், குறுக்கு நூலை அவன் ஓட்டுவான். அப்பா தறியில் அறுத்துப் போட்ட பாவு நுனிகளை மாமா ஒரு கொத்தாக வாங்கிக்கொண்டார். தொட்டியின் இந்தக் கண்ணாடியிலிருந்து அந்தக் கண்ணாடிக்கு, மெழுகு வைத்து ஒட்டி, ஒவ்வொரு பட்டு இழையாக இழுத்துக் கட்ட ஆரம்பித்தார். கீழே ஓர் அடுக்கு, ஒரு சாண் மேலே இன்னோர் அடுக்கு. சிவப்பு, அரக்கு, மயில் கழுத்து, கையில் வந்த நிறமெல்லாம். முடிச்சுப் போடும்போது அவர் விரல் தெரியாது. இழை தானாகவே போய் இன்னோர் இழையைக் கட்டிக்கொள்வது போல இருக்கும். வாய்க்குள் ஏதோ பாட்டு ஓடியது. அம்மா சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டேயிருந்தாள். அடுப்பில் ரசம் பொங்கி வழிந்தது. அதற்கு அவள் யாரையும் திட்டவில்லை. எனக்கு அது மிகவும் சந்தேகமாக இருந்தது.

“மாமா, அது குழியிலதான இருந்துச்சு” என்றேன்.

“எடம் இல்லாம இருந்துச்சு. எடம் குடுத்தா மேல ஏறி நெய்யும்.”

“கீழதான் மாமா அதுக்குப் பிடிக்கும். பொந்துக்குத் துணியெல்லாம் தெச்சு வெச்சிருந்துச்சு.”

“உனக்கு இன்னாடி தெரியும்? நீ மூணாங்கிளாஸு.”

அந்தக் குழிக்குள் இறங்கிப் பார்த்தவள் நான் ஒருத்திதான். மாமாவால் இறங்க முடியாது. அப்பா செருப்போடு எட்டிப் பார்த்தார், அவ்வளவுதான். அம்மா அதுகூட இல்லை. பார்த்தவள் சொன்னால் யாரும் கேட்பதில்லை, பார்க்காதவர்களெல்லாம் வீடு கட்டுகிறார்கள். இந்த ஊர் உலகத்தின் ஏற்பாட்டைப் பற்றி எனக்கு முதன்முதலாகக் கோபம் வந்தது அன்றைக்குத்தான். இன்னும் தணியவில்லை.

சிலந்தி பாவில் ஏறவில்லை. செய்தித்தாளின் ஒரு மூலையைக் கிளப்பி, அதன் அடியில் தலையை மட்டும் நுழைத்துக்கொண்டு, பின்பக்கம் வெளியே தெரிய உட்கார்ந்துவிட்டது. கண்ணாடிக்கு வெளியே நாங்கள். தெருவில் போகிறவர்களும் எட்டிப் பார்த்தார்கள். மாமா கட்டிலிலிருந்து, “ஏர்றா… ஏறு… இன்னா பிகு பண்ணிகினு கீற?” என்று கெஞ்சுவார். அப்பா தறியிலிருந்தபடியே, “கூலி பத்தாதுன்னு ஒக்காந்துகினு கீது போல, மச்சான்” என்பார். நான் கரப்பான் பூச்சி பிடித்து வந்து போடுவேன். அந்த வேலையும் என் தலையில்தான். கரப்பான் ஜாலியாகப் பாவின்மேல் நடந்து போகும். மயில் கழுத்து இழையில் கொஞ்சம் நின்று மீசையை ஆட்டும்.

பிறகு ஒருநாள் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது வீட்டில் அப்பா இல்லை; சேலை கொடுக்கப் போயிருந்தார். அம்மா தெருக்குழாயில். மாமா தரையில், தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கட்டை சுவரோரம் எட்டாத தூரத்தில் கிடந்தது. அவர் கையில் நூல் வெட்டுகிற சின்னக் கத்தரி. தொட்டிக்குள் மேல் அடுக்குப் பாவு பாதி அறுபட்டுத் தொங்கியது. அரக்கு நிற இழை ஒன்றில், நுனி நகம் மாட்டிக்கொண்டு, ஒரு கால் தனியாக ஆடிக்கொண்டிருந்தது. கால் மட்டும். சிலந்தி கீழே மூலையில் சுருண்டிருந்தது.

அது ஏறியிருக்கிறது. ஏறி, நகம் சிக்கி, தலைகீழாகத் தொங்கியிருக்கிறது. கட்டிலிலிருந்து பார்த்த மாமா கத்தியிருக்கிறார், கேட்க ஆள் இல்லை. கட்டையை எடுக்கப் பார்த்து அது விழுந்து உருண்டுபோக, தரையோடு தரையாக நகர்ந்து வந்திருக்கிறார். அதற்குள் சிலந்தி தன் காலைத் தானே விட்டுவிட்டது.

“பட்டு அறுவலடி” என்றார் என்னைப் பார்த்து. “எப்பிடி இழுத்துச்சு தெரியுமா? பட்டும் அறுவல, நான் போட்ட முடிச்சும் அவுறல.”

“நான்தான் அப்பவே சொன்னேனே மாமா! சரி, இன்னாத்துக்குக் கீழ ஒக்காந்துகினு கீற? எழுந்து கட்டில்ல ஒக்காரு.”

அவர் எழவில்லை. கட்டையையும் நான்தான் எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. புத்தகப் பையைக்கூட இறக்கவில்லை, அதற்குள் எல்லாவற்றுக்கும் நானே வர வேண்டியிருக்கிறதே என்று அலுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை மீதிப் பாவையும் அவரே அறுத்தார். செய்தித்தாளை உருவிப் போட்டார். பிறகு என்னிடம், “என் குழியிலேருந்து மண்ணு அள்ளிகினு வா” என்றார்.

அம்மா குறுக்கே வந்தாள். “தறிக் குழியை நோண்டாதடா.”

“அதுல இப்ப யாரு ஒக்காந்துகினு கீறாங்க, நோண்டக் கூடாதுன்றதுக்கு?”

அந்தக் குழியை மூடிவிடலாமா என்று அப்பா முன்பொரு தரம் மெதுவாக அம்மாவிடம் கேட்டு, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டது எனக்கு ஞாபகம் வந்தது. இப்போது அவர் ஒரு பழைய தட்டை எடுத்து என் கையில் கொடுத்தார்.

நான் அள்ளி அள்ளிக் கொண்டு வந்தேன். மாமா தொட்டியில் பாதிக்கு மேல் மண்ணைக் கொட்டச் சொன்னார், உள்ளங்கையால் அழுத்தினார், தண்ணீர் தெளித்து, ஒரு பிடி எடுத்து உருட்டிப் பார்த்து, “ஒட்டணும், சொட்டக் கூடாது” என்றார். விழுந்தாலும் அடிபடாத அளவுக்கு மண்ணுக்கும் மூடிக்கும் நடுவே கொஞ்சம்தான் இடம். மூலையில் கட்டைவிரலால் சாய்வாக ஒரு பள்ளம் போட்டு, அதன்மேல் உடைந்த ஓட்டுத் துண்டு ஒன்றைக் கவிழ்த்தார். சோடா மூடியில் தண்ணீர். மேலே அப்பா துளை போட்டுக் கொடுத்த பலகை. அதன்மேல் ஒரு செங்கல். கண்ணாடியைச் சுற்றி என் பழைய பாவாடைத் துணியை மறைப்பாகக் கட்டச் சொன்னார். “எல்லாரும் பாத்துகினே இருந்தா எவன் வேலை செய்வான்?”

சிலந்தி ஏழு காலோடு ஓட்டுக்குள் நுழைந்தது. மறுநாள் ஓட்டு வாசலில் உருண்டை உருண்டையாக மண் வெளியே தள்ளியிருந்தது. அடுத்த சில நாளில் பொந்தின் வாயில் வெள்ளையாகத் துணி. ஓரம் மடித்து.

“குழித்தறிடி!” என்றார் மாமா, ஏதோ அவரே கண்டுபிடித்த மாதிரி. நான் வாயே திறக்கவில்லை. திறந்தால் என்ன ஆகியிருக்கும், மூணாங்கிளாஸுதானே.

அந்த நாட்களில் வெளியூரிலிருந்து ஒரு பட்டு வியாபாரி வந்தார். கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே கட்டிலைக் கண்ணால் காட்டி, “இவரு?” என்று அப்பாவைக் கேட்டார். “மச்சானுங்க. முன்ன தறியில இருந்தாரு.” “இப்போ?” “இப்போ… சும்மாதான் இருக்காரு.” வியாபாரி தலையாட்டினார். மாமா பலகையின்மேல் இருந்த செங்கல்லைக் கொஞ்சம் நகர்த்தி, மறுபடி பழைய இடத்திலேயே வைத்தார்.

அவர் போனபிறகு, எல்லோரையும் சிரிக்க வைக்கலாம் என்று அப்பா, “ஏன் மச்சான், நம்ம பூச்சிக்குப் பேரை மாத்திடலாமா? ஏழுகால் பூச்சி!” என்றார். அம்மா சிரித்தாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

“ஏழு இருந்தாலும் அது எட்டுக்கால் பூச்சிதான்.”

அந்தக் குரலில் மாமா பேசி நான் கேட்டதில்லை. அப்பாவின் கையில் நாடா நின்றது. கணக்கில் நான் வகுப்பிலேயே முதல் என்பதால் எனக்குப் பொறுக்கவில்லை.

“எட்டுல ஒண்ணு போனா ஏழு மாமா.”

“போடி. உன் கணக்கைக் கொண்டுபோய் உன் ஸ்கூல்ல வெச்சிக்கோ.”

போ என்றால் போகிறேன். கழித்தலில் கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டே போனேன்.

அதற்கப்புறம் அவரும் அதுவும் ஒரு கட்சி. தொட்டி கட்டிலின் தலைமாட்டுக்கு வந்தது. காலையில் கண் விழித்ததும் மறைப்புத் துணியைத் தூக்கி, “இன்னா கூட்டாளி” என்பார். “இவனுக்கும் இன்னிக்கு வேலை இல்ல, எனக்கும் இல்ல” என்று எங்களிடம் அறிவிப்பார். புளி, பின்னல், அறுந்த இழை பற்றிய அபிப்பிராயங்கள் குறைந்தன. வீட்டில் ஒரு சுமுகம் வந்தது. கரப்பான் மட்டும் நான்தான் பிடித்தேன்.

வெயில் ஏறத் தொடங்கியபோது சிலந்தி சாப்பிடுவதை நிறுத்திவிட்டது. வயிறு கறுத்தது. பொந்தின் வாயைத் துணியால் மூடிக்கொண்டு பல நாள் உள்ளேயே இருந்தது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வெளியே வந்து, மண்ணின்மேல் வெள்ளையாக ஒரு பாய் நெய்தது. மெல்லிய, சீரான பாய். நாங்கள் எல்லோரும் கூடிவிட்டோம். இத்தனை நாள் மாமா கெஞ்சியும் கேட்காமல், யார் கட்டிய பாவும் இல்லாமல், தானாக. நெய்து முடித்து, அந்தப் பாயின்மேல் மல்லாந்து படுத்துக்கொண்டது. அசையவில்லை.

“போயிடுச்சு” என்றாள் அம்மா. துடைப்பத்தையும் முறத்தையும் எடுத்து வந்தாள்.

மாமா கட்டையைத் தொட்டியின்மேல் குறுக்காக நீட்டினார். “கிட்ட வராத அக்கா.”

“மல்லாந்துடுச்சுடா. இனிமே இன்னா? நாறப் போவுது.”

“செத்தா எட்டுக்கால் பூச்சி காலை உள்ள இழுத்துக்கும். பாத்ததில்ல? இவன் விரிச்சிகினு படுத்துகீறான். சாவல.”

“ஒரு குச்சியால திருப்பி விட்டுப் பாக்கலாமா?” என்று அப்பா ஒரு குச்சியோடு வந்தார். உதவி செய்வதில் எங்கள் வீட்டை அடித்துக்கொள்ள ஆளில்லை.

“தொட்டீங்கன்னா பாருங்க மாமா! எல்லாம் தள்ளுங்க! தொட்டுத் தொட்டுத்தான் அதும் கால் போச்சு!”

அன்று அவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வரவில்லை. கட்டை தொட்டியின்மேலேயே இருந்தது. அம்மா தட்டைக் கொண்டு வந்து வைத்து, எடுத்துக்கொண்டு போனாள். அப்பா நெய்யாமல் தறிக்குழியில் சும்மா உட்கார்ந்து இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் கூடத்தின் குறுக்கே நகர்ந்து சுவரில் ஏறியபோது, சிலந்தியின் முதுகு ஓரத்தில் ஒரு கோடு விட்டது. அந்தக் கோட்டின் வழியாக இன்னொரு சிலந்தி, வெளிறிப்போய், ஈரமாக, வரத் தொடங்கியது. நனைந்த சட்டையிலிருந்து கையை உருவுவது போல ஒவ்வொரு காலாக உருவியது. இழுக்கும், நிற்கும், இழுக்கும். மாமாவின் கழுத்து நரம்பும் அதோடு சேர்ந்து புடைத்துப் புடைத்து அடங்கியது.

நான் கண்ணாடியில் மூக்கை ஒட்டி எண்ணினேன். ஐந்து, ஆறு, ஏழு. பிறகு, ஒன்றும் இருக்கக் கூடாத இடத்திலிருந்து, சேமியா போல மெலிந்து, வெளுத்து, குட்டையாக ஒன்று.

“மாமா! எட்டு! எட்டு மாமா! புதுசா கால் முளைச்சிடுச்சு!”

நான் கூடத்தில் குதித்தேன். அப்பா குழியிலிருந்து ஏறி ஓடி வந்தார். “அடடா, அடடா!” என்றார். அம்மா கையில் துடைப்பத்தோடேயே கும்பிட்டாள். பக்கத்து வீட்டிலிருந்தும் வந்தார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினோம். பிறகு ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தினார்கள். ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. கடைசியில் என் குரல் மட்டும் தனியாக, “எட்டு, எட்டு” என்று ஓடிக்கொண்டிருந்தது.

மாமா குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம்.

“நல்லா எண்ணுனியா?”

“எட்டு மாமா. சின்னதுதான். ஆனா இருக்குது.”

“உம்” என்றார். கட்டையைத் தொட்டியின் மேலிருந்து எடுத்துக்கொண்டார். “அக்கா, சோறு போடு.”

மறுநாள் கட்டிலைத் திருப்பிப் போடச் சொன்னார். கண்ணில் வெயில் அடிக்கிறதாம். அந்தப் பக்கம் வெயிலே வராது. தொட்டி அவர் முதுகுக்குப் பின்னால் போயிற்று. “இன்னா கூட்டாளி” நின்றது. தண்ணீர் மூடியை நான்தான் நிரப்பினேன். புளி தூக்கல் என்று மறுபடி ஆரம்பித்தார்.

“காலு கெட்டிப்பட்டதும் கொண்டுபோய் விட்டுடுங்க” என்றார் ஒருநாள், சுவரைப் பார்த்தபடி.

எனக்கு வந்த ஆத்திரத்தை எதில் அளப்பது? பாவு கட்டி, அறுத்து, மண் சுமந்து, கரப்பான் பிடித்து, இத்தனைக்கும் பிறகு, அது செத்துப் பிழைத்து, முழுசாக, அழகாக, புது வெல்வெட்டுப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, விட்டுவிட வேண்டுமாம்.

“இப்பதான் மாமா நல்லா இருக்குது! எட்டும் இருக்குது!”

“அதான் இருக்குதே. அப்புறம் இன்னாத்துக்கு நம்ம வீட்டுல?”

நான் அழுதேன். அம்மாவிடம் முறையிட்டேன். வழக்கமாக எனக்காகத் தம்பியைத் திட்டுகிறவள், “அவன் சொல்றதைச் செய்” என்றாள். ஒரு காலையில் அப்பா மொபெட்டில் பின்னால் என்னை உட்கார வைத்து, மடியில் டப்பாவோடு, தேவிகாபுரம் சாலையில் ஒரு மேட்டுக் கொல்லைக்குக் கூட்டிப் போனார். மூடியைத் திறந்தோம். அது அவசரப்படவில்லை. சின்னக் காலையும் சேர்த்து எல்லாவற்றையும் ஒழுங்காக எடுத்து வைத்து, ஒரு வேலிக்கல்லின் அடியில் நுழைந்துவிட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. எங்கள் வீட்டில் யாருக்கும் அந்த வழக்கம் இல்லை.

வீட்டுக்கு வந்தால் மாமா தரையில் உட்கார்ந்து வேலையாக இருந்தார். சிலந்தி உரித்துப் போட்ட தோலைத் தொட்டியிலிருந்து எடுத்திருந்தார். காய்ந்து நொறுங்கும் அந்தத் தோலை ஆவியில் காட்டி, அறுந்த பட்டிழையைத் தேடி எடுக்கும் அதே விரல்களால், மடங்கியிருந்த கால்களை ஒவ்வொன்றாகப் பிரித்து நீட்டிக்கொண்டிருந்தார். ஒரு மயிர்கூட உதிரவில்லை. ஜரிகை வந்த சின்ன அட்டைப்பெட்டியில் பஞ்சு வைத்து, அதன்மேல் படுக்க வைத்து, தன் தறியின் மேல் சட்டத்தில் வைக்கச் சொன்னார். உயிரோடு இருந்ததைத் துரத்திவிட்டு, காலிச் சட்டைக்கு இத்தனை மரியாதை. பெரியவர்களின் புத்தி எந்த மண்ணால் செய்தது என்று அன்றைக்கு நான் கடவுளைக் கேட்டேன். அவரும் பெரியவர்தானே, சொல்லவில்லை.

பள்ளிக்கூடம் திறந்ததும், தங்கை கல்யாணத்துக்குப் பட்டுச் சேலை பார்க்க எங்கள் டீச்சர் வீட்டுக்கு வந்தார். அப்பா குழியில் இருந்தார். நான் டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டே திரிந்தேன். சேலையெல்லாம் பார்த்து முடித்து, காபி டம்ளரோடு நின்றவர் தறிச் சட்டத்தின்மேல் இருந்த பெட்டியைப் பார்த்தார்.

“இது என்னங்க?”

“எட்டுக்கால் பூச்சிங்க டீச்சர்” என்றார் மாமா.

“ஏழுதான் டீச்சர்!” என்றேன் நான். “எண்ணிப் பாருங்க. இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் மூணு.”

டீச்சர் குனிந்து பார்த்தார். உதடு அசைந்தது. எண்ணிவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது. நிமிர்ந்து மாமாவைப் பார்த்தார், அவர் மடித்துச் செருகியிருந்த வேட்டியைப் பார்த்தார், பாவில்லாத தறியைப் பார்த்தார்.

“நீங்க என்ன பண்றீங்க?”

அப்பாவின் நாடா நின்றது. ‘சும்மாதான் இருக்காரு’ என்று அப்பா சொல்லும் வழக்கமான பதிலுக்காக நான் காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை.

“நெசவுங்க” என்றார் மாமா.

அடுத்தடுத்து இரண்டு கேள்வி, இரண்டுக்கும் தப்பான விடை. வாய்ப்பாட்டில் ஓர் எண் பிசகினால் காதைத் திருகுகிற டீச்சர் அவர். சிலேட்டில் சமக்குறி போட மறந்தால் முழுக் கணக்கையும் அழித்துவிட்டு மறுபடி போடச் சொல்வார். இப்போது திருத்துவார், இப்போது திருத்துவார் என்று நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவரோ இரண்டு தப்பையும் கேட்டுக்கொண்டு, சரி என்று தலையை ஆட்டி, காபியை ஊதி ஊதிக் குடித்தார்.